நிறம் பார்த்து அடுக்கிய பலகைகள்

ரோகினியைப் போன வாரம் செரம்பான் பேருந்து நிலையத்தில், மடியில் ஒரு டின் முறுக்கோடு உட்கார வைத்துவிட்டு வந்தோம். அக்கா வீட்டில் அவள் ஒரு வாரம் தங்கியது ஓய்வெடுக்க அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். மலாக்கா பாச்சாங்கில் அவள் வீட்டுக் கூடத்துக்கு மரத்தரை போடுகிறார்கள். தான் பக்கத்தில் இருந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, மருமகள் தன் மனம்போலத் தேர்ந்தெடுக்கட்டும் என்று தானாகவே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய மகராசி அவள்.

சனிக்கிழமை காலை தன் வீட்டு வாசலில் வாடகைக் காரை விட்டு இறங்கும்போதே அவளுக்கு ஒரே கவலை. தரைக்காக மட்டுமல்ல.

மகன் நகுலன் மலாக்காவிலேயே செங் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். அவனும் மருமகள் அனுசியாவும் அங்கேயே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அனுசியாவுக்கு இது ஏழாம் மாதம். அடுத்த ஞாயிறு வளைகாப்பு. யாழ்ப்பாணத்து வழியில் வந்த ரோகினி வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. ஆனால் அனுசியாவின் அம்மா ஜெயா ஆசைப்பட்டுக் கேட்டபோது, "எங்கட வீட்டிலேயே வைப்பம்" என்று முந்திக்கொண்டு சொன்னவள் ரோகினிதான். வளையல் போட்டு முடிந்ததும் ஜெயா மகளைத் தன் ஊரான சிம்பாங் அம்பாட்டுக்கு அழைத்துப் போய்விடுவாள். பிறகு? குழந்தையோடு அனுசியா எங்கே திரும்பி வருவாள், செங்குக்கா, பாச்சாங்குக்கா?

"பாப்பம் மாமி" என்றுகூட அந்தப் பெண் இதுவரை சொன்னதில்லை. மாமி என்று கூப்பிடுவதும் இல்லை, அவளுக்கு வாயில் வருவது அத்தைதான். ரோகினி அதற்குப் பழகிவிட்டாள். பழைய சீமெந்துத் தரை குழந்தைக்குக் குளிரும், வழுக்கும் என்று அனுசியா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மரத்தரையே வந்தது. வேலையும் வெளியாருக்குப் போகவில்லை. அனுசியாவின் அண்ணன் யுவனேஸ்வரன் அண்மையில்தான் தரை போடும் தொழில் தொடங்கியிருந்தான்.

தரை வேலை முடிந்ததும் வந்து தங்கியிருந்த அனுசியாதான் கதவைத் திறந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, மறு கையால் அத்தையின் பையை வாங்க வந்தாள்.

"விடும் பிள்ளை, நீர் தூக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்த ரோகினி, அப்படியே நின்றுவிட்டாள்.

வாசல் பக்கம் வைக்கோல் நிறம். கூடத்தின் நடுவில் செம்மஞ்சள். சமையலறைக்குப் போகிற பக்கம் கருஞ்சிவப்பு. மூன்று வீட்டுத் தரைகளை வெட்டி வந்து ஒரே கூடத்தில் பக்கம் பக்கமாகப் போட்டது போல இருந்தது. வெளுத்த பலகை எங்கே முடிகிறது, சிவந்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காலால் தடவினால்தான் தெரியாது.

தீபாவளிக்கு அனுசியா காட்டிய மாதிரித் துண்டு கெம்பாஸ் மரம். தேன் நிறத்தில், நடுவே ஒரு மெல்லிய கோடோடு, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அந்தத் தேன் எங்கே?

"எப்படி அத்தை இருக்கு?"

"நல்லா இருக்குது."

"ஆங்… நல்லாதான் இருக்குல்ல?"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் உடனே வேறெங்கோ பார்த்தார்கள். ரோகினி முறுக்கு டின்னை நீட்டினாள், அனுசியா செரம்பான் பெரியம்மா சுகமா என்று கேட்டாள்.

"மாமா எங்க?" என்று கேட்டாள் ரோகினி.

"பசார் போயிருக்காரு. நீங்க வர்றீங்கன்னு மீன் வாங்கப் போறேன்னாரு. ரெண்டு மூணு நாளா மாமா ஒரே ஹேப்பி, பாட்டெல்லாம் பாடிக்கிட்டு இருக்காரு."

அந்த மனிதருக்குச் சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று ரோகினிக்கு எரிச்சலாக வந்தது. அவள் கணவர் பாலேந்திரன் நில அளவை இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் இருக்கிற எதையும் சும்மா இருக்க விடமாட்டார். மிளகாய்த்தூள் போத்தல்களை உயர வரிசையில் அடுக்குவார். செருப்புகளை அளவு பார்த்து நிறுத்துவார். இப்படிக் கண்முன்னே ஒரு கூடமே மூன்று நிறமாகக் கிடக்கிறது, அவர் பாட்டுப் பாடுகிறாராம்.

சமையலறையில் அனுசியா தேநீர் கலக்கினாள். ரோகினி கதவருகே நின்று மறுபடியும் கூடத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. யுவனேஸ்வரன் புதிதாகத் தொழில் தொடங்கியவன். அங்கே ஒரு வீடு, இங்கே ஒரு வீடு என்று போட்டிருப்பான். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மிஞ்சியதை எங்கே தள்ளுவது? தங்கச்சியைக் கொடுத்த வீடு, கேள்வி கேட்க மாட்டார்கள்.

வேண்டாம், வாயைத் திறக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அண்ணனைப் பற்றி ஒரு சொல் தவறாக வந்தால் இந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வளையலோடு போகிறவள் போனவள்தான். பேரப்பிள்ளையை அப்புறம் செங்கில் போய், விருந்தாளியாக உட்கார்ந்து, நேரம் பார்த்துப் பார்த்துத்தான் தூக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்து என்ன? பள்ளிக்கூடத்தில் கட்டொழுங்கு ஆசிரியையாக இருந்தே காலம் கழித்தவள். தப்பு என்று பட்டதைச் சொல்லாமல் விழுங்கும் பழக்கம் அந்தத் தொண்டைக்குக் கிடையாது.

"அத்தை" என்றாள் அனுசியா, கோப்பையை நீட்டியபடி. "உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குப் பிடிக்கலதானே?"

கேட்டிருக்கக் கூடாது.

"நீர் கேட்டபடியால் சொல்லுறன் பிள்ளை. இது ஒரே மரமில்லை. உங்கட அண்ணா மூண்டு வீட்டில மிஞ்சின பலகையைக் கொண்டுவந்து எங்கட தலையில கட்டிப்போட்டார்."

சொல்லி முடித்த அந்த நொடியே, வார்த்தைகளைத் திரும்பப் பொறுக்கி வாய்க்குள் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது ரோகினிக்கு. அனுசியா அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். முகம் மட்டும் சட்டென்று மூடிக்கொண்டது. தன் கோப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள்.

"எங்க அண்ணன் அப்படிச் செய்ற ஆள் இல்ல அத்தை."

கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். அவள் பேசியது ரோகினிக்குக் கேட்டது. "அண்ணே, நீ உடனே வா. எதுக்குன்னு கேட்காத லா, வா."

யுவனேஸ்வரன் வந்து சேர்கிறவரை மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருத்தி வெங்காயம் உரித்தாள், யாரும் கேட்காத வெங்காயம். இன்னொருத்தி தன் பையில் துணிகளை எடுத்து வைத்தாள். அந்தப் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் ரோகினி இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள்.

யுவனேஸ்வரனின் லாரி வாசலில் வந்து நின்றது. உயரமான, கூச்ச சுபாவமுள்ள பையன். செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆண்டி, செரம்பான்லேர்ந்து எப்ப வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே காலெடுத்து வைத்தவன், ரோகினி நின்ற அதே இடத்தில் அதே மாதிரி நின்றான்.

இந்த வீட்டு வேலை நடந்த இரண்டு நாளும் அவனுக்கு ஆயர் குரோவில் ஒரு பெரிய வேலை. தன் ஆட்கள் இரண்டு பேரை இங்கே அனுப்பிவிட்டு அங்கே போய்விட்டான். முடிந்த தரையை அவன் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

குனிந்தான். வெளுத்த பலகையைத் தொட்டான். நடந்துபோய் சிவந்ததைத் தொட்டான். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளைப் பார்த்தான். ஏதோ புரிந்தது அவன் முகத்தில் தெரிந்தது. புரிந்ததும் அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்கிள் இல்லையா?"

"அவர் எதுக்கு? நான் இருக்கிறன், என்னட்டச் சொல்லும்" என்றாள் ரோகினி.

யுவனேஸ்வரன் தலையைச் சொறிந்தான். "இல்ல ஆண்டி… என் தப்புதான். நான் எல்லாத்தையும் கழட்டி சரியாப் போட்டுக் குடுத்துடறேன்."

"அப்ப நான் சொன்னது சரிதான். சொந்தக்காரருக்கெண்டால் மிச்சம் மீதி போதுமெண்டு நினைச்சீரோ தம்பி?"

அவன் காது சிவந்தது.

"அண்ணே, ஏன் பேசாம நிக்கிற?" அனுசியாவின் குரல் உடைந்தது. "மிச்சப் பலகையா இது? என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு. நீயா இப்படிச் செஞ்ச?"

"விடு அனு. கழட்டிப் போட்டுர்றேன்னு சொல்றேன்ல?"

ஒரு அண்ணன் பதில் சொல்லாமல் நின்றால் தங்கைக்கு எப்படி இருக்கும்? அனுசியா சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரோகினிக்கு ஜெயித்த மாதிரியே இல்லை. பிடிபட்ட மாணவன் முன்னால் நிற்கும்போது வழக்கமாக வருகிற அந்த நிமிர்வும் வரவில்லை.

அப்போதுதான் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. ஒரு கையில் மீன் பொட்டலமும் மறு கையில் கீரைக் கட்டுமாகப் பாலேந்திரன் உள்ளே வந்தார். எல்லோரும் கூடத்தில் கூடி நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் பூவாக மலர்ந்தது.

"ஆ, ரோகினி வந்திட்டீரோ! பாத்தீரோ தரையை? யுவன், நீரும் வந்திட்டீர், நல்லது. எப்பிடி என்ட வேலை?"

"உங்கட வேலையோ?" என்றாள் ரோகினி.

"பின்ன? பெட்டியளை வேலை தொடங்க முதல் கொஞ்ச நாள் வீட்டுக்குள்ள வைக்க வேணும், மரம் இந்த வீட்டுக் காத்துக்குப் பழகவேணுமெண்டு யுவன் சொல்லிவிட்டவர். சும்மாதானே கிடக்குதெண்டு ஒரு பெட்டியைத் திறந்து பாத்தன். ஐயோ, அதுக்குள்ள ஒண்டு வெள்ளை, ஒண்டு சிவப்பு, ஒண்டு மஞ்சள், ஒண்டோடொண்டு சேராமல் கிடக்குது! எல்லாப் பெட்டியும் அப்பிடித்தான். இருந்து முழுக்கப் பிரிச்சன். வெள்ளை ஒரு அடுக்கு, இடைநிறம் ஒரு அடுக்கு, கறுப்புச் சிவப்பு ஒரு அடுக்கு. வேலைக்கு வந்த பொடியளுக்கும் நானே சொன்னன், வாசலில வெள்ளையில தொடங்குங்கோ எண்டு. எவ்வளவு ஒழுங்கு, பாருங்கோ!"

மீன் பொட்டலத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் புதுத் தரையில் விழுந்தது. பாலேந்திரனே குனிந்து கைக்குட்டையால் துடைத்தார்.

ரோகினி யுவனேஸ்வரன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இது உமக்குத் தெரியுமோ?"

அவனால் இனி ஒளிக்க முடியவில்லை. "ஆளுங்க எனக்குப் போன் அடிச்சாங்க ஆண்டி. வீட்டு அங்கிள் இப்படிப் பிரிச்சி வச்சிருக்காரு, என்ன செய்யன்னு கேட்டாங்க. நான் அங்க பிஸி. சம்பந்தி வீடு, அங்கிள் என்ன சொல்றாரோ அப்படியே செய்யுங்கன்னு சொல்லிட்டேன். இவ்வளவு தூரம் பிரிச்சிருப்பாருன்னு நினைக்கல. எப்பவும் நாலஞ்சு பெட்டிய ஒண்ணாத் திறந்து கலந்து கலந்துதான் போடுவோம். ஒரே மரந்தான், ஆனா பலகைக்குப் பலகை கலர் வேறயாத்தான் இருக்கும். கலந்தாத்தான் பார்க்க அழகா வரும்."

"எல்லாம் ஒரே மரமோ?"

"ஒரே லாட் ஆண்டி. உங்க வீட்டுக்குன்னு புதுசா எடுத்தது. ஒரு பலகைகூட வேற வீட்டுது இல்ல."

பாலேந்திரனின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. "அப்ப நான் பிரிச்சது பிழையோ?" என்றார் சின்னக் குரலில். கையில் கீரைக் கட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது அனுசியா. கண்ணில் தண்ணீர் நிற்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, நீங்க செருப்ப அடுக்குறப்பவே நான் உஷாராயிருக்கணும் லா!" அவள் சிரித்ததும் யுவனேஸ்வரனுக்கும் அடக்க முடியவில்லை. பாலேந்திரன் சிரிப்பதா, வருந்துவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தார்.

ரோகினி சிரிக்கவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் வீட்டு மனிதர் செய்த காரியத்துக்கு இந்தப் பையன் தலை குனிந்து நின்றிருக்கிறான். பெரியவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, தன்னைத் திருடன் மாதிரிப் பேசியதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். மலாக்காவில் பாதிப் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்தவள் அவள். தானாக ஒருவரிடம் போய் நின்று கேட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, நான் உம்மைப் பிழையாய்ச் சொல்லிப்போட்டன். பாக்காமல், கேக்காமல் சொன்னன். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

"ஐயையோ ஆண்டி, என்னா இது, நீங்க போயி…"

"இல்லை, சொல்ல விடும். உம்மட தங்கச்சியிட்ட உம்மைப் பற்றிக் கதைச்சது அதைவிடப் பிழை." அனுசியாவின் பக்கம் திரும்பினாள். "பிள்ளை, நீர் இஞ்ச வந்திருக்க வேணுமெண்டுதான் இந்தத் தரையே. அந்த ஆசையில நானே எல்லாத்தையும் கெடுக்கப் பாத்தன். மன்னிச்சுக்கொள்ளும்."

அனுசியா எழுந்து வந்து ரோகினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்காய வாசனை அடிக்கிற கை.

பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பலகைகள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கிற வகை, ஆணியும் இல்லை, பசையும் இல்லை. யுவனேஸ்வரன் தன் ஆட்களையும் வரவழைத்து, ஒரு சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். சமையலறைக் கதவருகே ஒரு நாற்காலி போட்டு அனுசியாவை உட்கார வைத்தார்கள். நிறம் கலப்பது அவள் பொறுப்பு என்று ரோகினி சொல்லிவிட்டாள்.

"அந்தச் சிவப்பு இங்க. பக்கத்துல ரெண்டு மஞ்சள். வெள்ளைய இப்பப் போடாத அண்ணே, அடுத்த வரிசைல போடு. மாமா! நீங்க மறுபடியும் பிரிக்கிறீங்க!"

"இல்லைப் பிள்ளை, சும்மா கையில எடுத்துப் பாத்தன்."

"கீழ வைங்க!"

பாலேந்திரன் கீழே வைத்தார். முதலாளி அம்மாவிடம் திட்டு வாங்கிய வேலையாள் மாதிரி ரோகினியைப் பார்த்துக் கண் சிமிட்டினார். ரோகினி பலகை சுமந்தாள், மீன் பொரித்தாள், எல்லோருக்கும் சோறு போட்டாள், மறுபடியும் பலகை சுமந்தாள். ஒரு கருத்துச் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை, அதுதான் அதிசயம். அந்தப் பெண் தன் வீட்டில் தன் அண்ணனையும் மாமனாரையும் அதட்டி வேலை வாங்குவதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

சாயங்காலம் மழை பெய்து ஓய்ந்தபோது வேலை முடிந்திருந்தது. அதே பலகைகள்தான். வைக்கோலும் செம்மஞ்சளும் கருஞ்சிவப்பும் கூடம் முழுக்கக் கலந்து கிடந்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு, மொத்தமாகப் பார்த்தால் ஒரே தரை. ரோகினி வெறும் காலோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். மனம் நிறைந்துவிட்டது.

யுவனேஸ்வரன் ஆட்களோடு கிளம்பினான். பாலேந்திரன் களைத்துப்போய்ச் சாய்வு நாற்காலியில் உறங்கினார். மாமியாரும் மருமகளும் தரையிலேயே, சுவரில் சாய்ந்து, கால் நீட்டி உட்கார்ந்தார்கள்.

"அத்தை, ஒண்ணு கேட்கவா?"

"கேளும்."

"எங்க வீட்ல யாரும் யார்கிட்டயும் சாரி சொல்ல மாட்டாங்க. அம்மா சத்தியமாச் சொல்லாது. கோவம் வந்தா ரெண்டு நாள் பேசாது, அப்புறம் சோறு போட்டு விட்டா சரியாப் போச்சுன்னு அர்த்தம். இன்னிக்கு நீங்க எங்கண்ணன் முன்னாடி வந்து நின்னு கேட்டீங்க பாருங்க." அவள் பலகையின் கோட்டை விரலால் தடவினாள். "காலையில நான் பையக் கட்டிட்டேன். செங் வீட்டுக்குப் போயிட்டு, வளைகாப்புக்கு மட்டும் வந்தாப் போதும்னு நினைச்சேன்."

"எனக்குத் தெரியும். ஜிப் சத்தம் கேட்டது."

"இப்ப அவிழ்த்துட்டேன்." அனுசியா நிமிர்ந்து பார்த்தாள். "வளைகாப்பு முடிஞ்சி நான் சிம்பாங் அம்பாட் போகல அத்தை. இங்கயே இருக்கேன். புள்ள பொறந்தும் நேரா இங்கதான். நகுலனும் போன்ல சரின்னுட்டாரு."

ரோகினி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இத்தனை நாளாக ஆசைப்பட்டது, கேட்கப் பயந்தது, இப்படித் தரையில் உட்கார்ந்திருக்கும்போது தானாக வந்து மடியில் விழுந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஆனா எனக்கு அம்மாவும் வேணும்" என்றாள் அனுசியா, தோளில் சாய்ந்தபடியே. "பிரசவத்துக்கு முன்னாடி, பின்னாடி, பத்தியம், மருந்து எல்லாம் அம்மா கையாலதான் வேணும். அதனால அம்மாவ இங்க வரச் சொல்லலாம். மூணு மாசம் நம்மகூட இருக்கட்டும்."

ரோகினியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஜெயா. தன் சமையலறையில். மூன்று மாதம்.

போன தீபாவளிக்கு வந்தபோது ரசத்தில் தன்னைக் கேட்காமல் பூண்டு தட்டிப் போட்டவள் ஜெயா. மகளின் பிரசவத்துக்காகத் தன் வீட்டில் ஒரு அறையை மாதக்கணக்காகத் தயார் செய்துகொண்டிருப்பவள். மகளை அங்கே அனுப்பாமல் ஜெயாவையே இந்த வீட்டுக்கு வரச் சொன்னால் அவள் சும்மா இருப்பாளா?

"அம்மாட்ட நீர் சொல்லும் பிள்ளை."

"நான் சொன்னாச் சண்டைக்கு வரும். நீங்க சொன்னா மரியாதைக்காகவாவது கேட்கும்." அனுசியா ரோகினியின் கைப்பேசியை எடுத்து, அம்மாவின் எண்ணை அழுத்தி அவள் கையில் வைத்துவிட்டாள். மணி அடிக்க விடவில்லை, அந்தப் பக்கம் உடனே எடுத்தாகிவிட்டது.

"சம்பந்தியா? நானே கூப்பிடணும்னு இருந்தேன்!" ஜெயாவின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சி முடிச்சாச்சி. இவரு தொட்டில் கம்பியும் மாட்டிட்டாரு. ஞாயித்துக்கிழமை வளையல் போட்டதும் என் புள்ளைய நான் கையோட கூட்டிட்டு வந்திருவேன், சொல்லிட்டேன்."

ரோகினி அனுசியாவைப் பார்த்தாள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அத்தையின் சேலைத் தலைப்பைச் சின்னப் பிள்ளை மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடுவதாக இல்லை.

"ஜெயா" என்றாள் ரோகினி. "பிள்ளை இஞ்சதான் இருக்கப் போறா. நீங்களும் பெட்டி கட்டிக்கொண்டு வாங்கோ. என்ட சமையலறையை உங்களுக்குத் தாறன்."

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஜெயா பேசாமல் இருந்து ரோகினி கேட்டது இதுதான் முதல் தடவை.